உப்பு எங்கே போகும்?

வாசகர் கேள்வி – பதில்: வயலும் தோட்டமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. மண் உப்பு, தண்ணீர் உப்பு, பயிர் கருகுகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, உப்புக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வயல் வேதாரண்யம் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நேரடி விதைப்பு போட்டால் முளைப்பு நன்றாகத்தான் வருகிறது ஐயா. மூன்று இலை விட்டதும் நுனி கருகி, திட்டுத் திட்டாகச் செத்துவிடுகிறது. ஜிப்சம் போடச் சொன்னார்கள். இரண்டு வருஷமாகப் போடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. விதை மோசமா, மண் மோசமா?

விதையைக் குறை சொல்லாதீர்கள். நெல்லுக்கு உப்பைத் தாங்கும் சக்தி வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. முளைக்கும்போது நன்றாகவே தாங்கும், அதனால்தான் உங்களுக்கு முளைப்பு நன்றாக வருகிறது. விதைக்குள் இருந்த சாப்பாடு தீர்ந்து, சொந்த வேரை நம்பி நிற்கிற இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பயிர் அப்படியே பலவீனமாகிவிடுகிறது. அதைத் தாண்டிவிட்டால் தூர் கட்டும், அதாவது பக்கத் தண்டுகள் வெடிக்கும், காலம் முழுக்க ஓரளவு தாங்கும், மறுபடி கதிர் உருவாகிப் பூக்கும் நேரத்தில் தடுமாறும். ஆக மொத்தம் இரண்டு கண்டம். உங்கள் பயிர் முதல் கண்டத்திலேயே போய்விடுகிறது.

அதனால் நான் சொல்வது, உப்பு அதிகமாக உள்ள அந்தத் துண்டுகளில் மட்டுமாவது நேரடி விதைப்பை விடுங்கள். மேட்டில், நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் நாற்றங்கால் போட்டு, 30-35 நாள் நாற்றாக எடுத்து நடுங்கள். சாதாரண வயலுக்கு இவ்வளவு வயதான நாற்றை யாரும் சொல்லமாட்டார்கள், உப்பு வயலுக்கு அதுதான் சரி. குத்துக்கு 3-4 நாற்று வையுங்கள், கொஞ்சம் நெருக்கி நடுங்கள், ஏனென்றால் இங்கே தூர் குறைவாகத்தான் வெடிக்கும். நாற்றின் நுனியைக் கிள்ளும் பழக்கம் இருந்தால் இந்த வயலுக்கு வேண்டாம்.

இப்போது ஜிப்சம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு நிறைய இருக்கும்: மண் பரிசோதனைச் சீட்டில் இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 4-க்கு மேல், பி.எச். (கார அமிலத் தன்மை) 8.5-க்குக் கீழ். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும்: பி.எச். 8.5-க்கு மேல் போகும், இ.சி. பெரிதாக இருக்காது. ஜிப்சம் களருக்கான மருந்து. அதில் இருக்கும் கால்சியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெறும் உவர் நிலத்தில் நகர்த்துவதற்கு ஒன்றும் இல்லை, அங்கே ஜிப்சம் இன்னொரு உப்பு மூட்டை, அவ்வளவுதான். ஆனால் கடல் தண்ணீர் ஏறிய நிலம் சில சமயம் இரண்டுமாக இருக்கும், மழையில் உப்பு கழுவப்பட்ட பிறகு களராகத் தலைகாட்டுவதும் உண்டு. அதனால் சீட்டைப் பார்க்காமல் ‘போடு’ என்றும் சொல்லமாட்டேன், ‘போடாதே’ என்றும் சொல்லமாட்டேன்.

சீட்டு வரும்வரை வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வயலிலிருந்து காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவு போதும், எடுத்து வாருங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி, கட்டியை மெதுவாக உள்ளே விட்டுவிட்டு அசைக்காமல் வையுங்கள். போர் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருந்தால் சோதனை பொய் சொல்லும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், களர் மண்ணாக இருந்தால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு மேகம் படர்ந்திருக்கும், மறுநாளும் தெளியாது. உவர் மண்ணாக இருந்தால் கட்டி உடைந்து கீழே கிடக்கலாம், ஆனால் மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆய்வகச் சீட்டுக்கு இது மாற்று இல்லை, ஆனால் ஜிப்சம் வாங்கப் போகிற காலை ஒரு நிமிஷம் நிறுத்தும்.

சரி, உவர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த உப்பு எங்கே போகும்? தண்ணீரோடு கீழே போகும், இல்லை தண்ணீரோடு வடிகாலில் வெளியே போகும். வேறு வழியே கிடையாது. ஒரு அடி ஆழ மண்ணில் அரை அடி நல்ல தண்ணீர் இறங்கி வடிந்தால் சுமார் பாதி உப்பு போகும், ஒரு அடி தண்ணீர் வடிந்தால் ஐந்தில் நாலு பங்கு போகும். அவ்வளவு நல்ல தண்ணீர் கடைமடைக்கு ஆற்றில் வந்து சேராது என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழைதான் உங்களுக்கு ஆறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்து வயல்களுக்குள் கடல் ஏறியபோது, இனி இங்கே வெள்ளாமையே இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டியது. அந்த உப்பில் பெரும்பங்கைக் கழுவியது அதுதான். ஆகவே கோடையிலேயே உழுது, வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, வடிகால் வாய்க்காலை ஆழப்படுத்தி வையுங்கள். மேடு பள்ளமாக இருந்தால் மேட்டில் உப்பு தங்கி அந்த இடம் மட்டும் சொட்டையாக நிற்கும். உங்கள் ‘திட்டுத் திட்டாக’ என்ற வார்த்தைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முதல் மழையைத் தேக்கி, கரைந்த பிறகு வடித்து, மறுபடி தேக்குங்கள். நட்ட பிறகு வயலைக் காயவிடாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நல்ல நிலத்துக்கு நல்ல முறை, உங்கள் நிலத்தில் ஒருமுறை காய்ந்தாலே அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரகம் என்று கேட்டால், உவருக்கு கோ 43 பழைய நம்பிக்கை. நம் பாரம்பரியத்தில் குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் எல்லாம் பெயரிலோ பழக்கத்திலோ இந்த நிலத்துக்கே பிறந்தவை. விளைச்சல் குறைவு, ஆனால் கெட்ட வருஷத்திலும் கைவிடாது. ஒரு துண்டிலாவது போட்டு வையுங்கள்.

கேள்வி: திருச்சி மணிகண்டம் அருகே இரண்டு ஏக்கர் வாங்கினேன். மழை பெய்தால் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கிறது, வடிந்தபின் சிமென்ட் மாதிரி இறுகுகிறது. பி.எச். 9.2 என்று சீட்டு வந்திருக்கிறது. வாங்கியது தப்பா?

தப்பில்லை. இது சுத்தமான களர், இதற்கு வழி இருக்கிறது. மேலே அந்த ஐயாவுக்குச் சீட்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்ற ஜிப்சம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். எவ்வளவு என்பதை ஜிப்சம் தேவை என்று தனியாகக் கேட்டு ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எல்லா நிலத்துக்கும் ஒரே கணக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் அளவில் பாதி போட்டாலே நெல்லுக்குப் போதும். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஜிப்சத்தைத் தூவி, மேலாக உழுது, நாலு விரல்கிடைக்கு மேல் நல்ல தண்ணீர் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி வடித்துவிடுங்கள். இப்படி நாலைந்து முறை. வடிக்காவிட்டால் நீங்கள் நகர்த்திய சோடியம் அங்கேயேதான் கிடக்கும்.

அதற்கு அப்புறம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள் வாக்கில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். களர் நிலத்தில் வேறு எதுவும் வராத இடத்தில்கூட தக்கைப்பூண்டு தலை தூக்கும். அதன் வேர் இறுகிய மண்ணைத் துளைக்கும், அழுகும்போது வரும் கரியமில வாயுவும் அமிலங்களும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து இன்னும் கொஞ்சம் கால்சியம் தரும். பிறகு நெல். உங்கள் பக்கத்திலேயே இருக்கும் வேளாண் கல்லூரியில் உருவான ரகங்கள்தான் டி.ஆர்.ஒய். வரிசை. டி.ஆர்.ஒய். 1 வந்தது 1995-ல், டி.ஆர்.ஒய். 3 வந்தது 2010-ல், களருக்கென்றே எடுத்தவை.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். களரில் துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. நட்ட மூன்றாவது வாரம் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வந்து பயிர் குட்டையாக நின்றால் அதுதான். சாதாரண வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்றால் உங்களுக்கு 15 கிலோ, அதை மணலோடு கலந்து தூவுங்கள், டி.ஏ.பி. உரத்தோடு கலக்காதீர்கள். யூரியாவில் ஒரு பகுதி களரில் ஆவியாகப் போய்விடும், அதனால் தழைச்சத்து கால் பங்கு கூடுதலாக, பல தடவையாகப் பிரித்து வையுங்கள். முதல் வருஷமே பொன்னாக விளையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது வருஷம் மழை பெய்த மறுநாள் வயலில் கால் வையுங்கள், வித்தியாசம் உங்கள் பாதத்துக்கே தெரியும்.

கேள்வி: ஒரு முகவர் வந்து, ஒரு பாட்டில் தெளித்தால் 21 நாளில் நிலத்து உப்பை நுண்ணுயிர் தின்றுவிடும் என்று சொல்லி விற்றுவிட்டுப் போனார். நான்கு பாட்டில் வாங்கிவிட்டேன். பயன் உண்டா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சோடியம் ஒரு தனிமம் அம்மா. அதை எந்த நுண்ணுயிரும் தின்று செரித்து இல்லாமல் ஆக்க முடியாது. அந்தப் பேச்சு பொய்.

ஆனால் நுண்ணுயிர் என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதுவும் நஷ்டம். செடி கஷ்டத்தில் இருக்கும்போது வேரில் எத்திலீன் என்ற வாயு அதிகம் சுரந்து, வேர் வளர்ச்சியையே நிறுத்திவிடும். வேரைச் சுற்றி வாழும் சில பாக்டீரியாக்கள், எத்திலீன் உருவாகும் முன் நிலையிலேயே அந்த மூலப்பொருளை உடைத்துவிடுகின்றன. சூடோமோனாஸ் வகையில் அப்படிப்பட்டவை உண்டு. வேர்ப் பூஞ்சையான வேம், செடிக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கிடைக்க உதவுகிறது, சாம்பல்சத்து நன்றாக உள்ளே போகிற செடியில் சோடியம் புகுவது குறைகிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுக்கும் சாறும் வாடும் பயிருக்குத் தெம்பு தருவதாகப் பல சோதனைகளில் வந்திருக்கிறது. இவை எல்லாமே செடியைத் தாங்கிப் பிடிக்கும் வேலைதான். மண்ணில் இருக்கும் உப்பில் ஒரு சிட்டிகைகூட இவற்றால் குறையாது. வடிகாலும் இல்லாமல், ரகமும் பார்க்காமல் பாட்டிலை மட்டும் நம்பினால் காசுதான் கரையும்.

இந்த வகை ஊக்கிகளை 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பாட்டிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். மீதிப் பாட்டில்களைத் தெளிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா தென்னங்குழியில் உப்புப் போட்டுத்தான் கன்று வைப்பார். இப்போது உப்பு கெடுதல் என்கிறீர்கள். தாத்தா செய்தது தவறா?

தாத்தா செய்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பயிர்களைப் போல இல்லை, தென்னைக்குக் குளோரைடு ஒரு முக்கியமான சத்து. கடலிலிருந்து தூரமான, குளோரைடு குறைந்த நிலங்களில் உப்பு வைத்தால் தென்னை நன்றாக வருவதைப் பிலிப்பைன்ஸில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நீங்கள் வருஷத்துக்கு மரத்துக்கு 2 கிலோ பொட்டாஷ் வைக்கிறீர்கள் என்றால், அதிலேயே ஏறக்குறைய ஒரு கிலோ குளோரைடு போய்விடுகிறது. ஒரு கிலோ சமையல் உப்பில் குளோரைடு 600 கிராம்தான், மீதி 400 கிராம் சோடியம். தென்னை அதையும் தாங்கிவிடும், நடுவில் ஊடுபயிராக வாழையோ காய்கறியோ வைத்திருந்தால் அவை தாங்காது. பொட்டாஷ் வைக்கிற தோட்டத்துக்கு உப்பு வேண்டாம்.

கேள்வி: வேளாண் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உப்பைத் தாங்கும் ஜீனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வகுப்பில் படித்தோம். பிறகு ஏன் விவசாயி இன்னும் வடிகால் வெட்டிக்கொண்டிருக்கிறார்?

நல்ல கேள்வி தம்பி. 2005-ல் நோனா போக்ரா என்ற பழைய நெல்லில், வேரிலிருந்து மேலே ஏறும் சாற்றுக் குழாயிலேயே சோடியத்தைத் திரும்பப் பிடித்துவைக்கும் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து, ஒன்றாம் குரோமோசோமில் இருக்கும் சால்ட்டால் என்ற பகுதியை அடையாளம் கண்டு பல ரகங்களுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். 2025 மே மாதம் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணுத் திருத்த நெல், பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, அறிவிக்கப்பட்டது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் சக்தியைக் கட்டிப்போடும் ஒரு ஜீனை அதில் முடக்கியிருக்கிறார்கள். எல்லாமே பெரிய வேலை, நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் செடிக்கு உப்பு இரண்டு அடி கொடுக்கிறது. முதலில் மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாத தாகம், அது உடனே வரும். பிறகு மெல்ல மெல்ல இலையில் சேரும் சோடிய நஞ்சு. முதிர்ந்த இலை முதலில் நுனியிலிருந்து கருகுவது இதனால்தான். ஒரு ஜீன் பெரும்பாலும் ஒரு அடியைத்தான் தடுக்கும். சால்ட்டால் முக்கியமாக நாற்றுப் பருவத்தில் உதவுகிறது, பூக்கும் பருவத்துத் தாங்குதிறன் வேறு இடங்களில் இருக்கிறது.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது பொக்காளி வயலைப் பற்றி. முடிந்தால் எர்ணாகுளம் பக்கம் போய் நேரில் பார். உலகமே ஜீன் எடுத்துக்கொண்ட நெல் அது, 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கியது. அதை வைத்திருப்பவர்கள் விதையை அப்படியே உப்பு வயலில் எறிந்துவிடுவதில்லை. அதே வயலில் இறால் வளர்க்கும் பருவம் முடிந்ததும் கோடையில் வயலை வடித்து, சேற்றைச் சிறு சிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளில் இறங்கி உப்பைக் கழுவுகிறது. மேட்டுத் தலையில் முளைகட்டிய விதையைப் போட்டு, நாற்று ஓரளவு வளர்ந்ததும் மேட்டையே வெட்டி நாற்றோடு சுற்றிலும் பரப்பிவிடுகிறார்கள். உப்பைத் தாங்குவதில் உலகப் பெயர் வாங்கிய நெல்லுக்கே, பச்சைக் குழந்தையாக இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு உப்பில்லாத இடம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள் நம் பக்கத்து வீட்டு விவசாயிகள். நீ ஆராய்ச்சிக்குப் போனால் ஜீனையும் படி, அந்த மேட்டையும் படி.

கேள்வி: ராமநாதபுரத்தில் புழுதி விதைப்பு, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது, செய்கிறோம். விதையைப் பொட்டாஷில் ஊறவைக்கச் சொல்கிறார்களே, அதுவும் உப்புதானே?

உப்புதான், ஆனால் அளவைப் பாருங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பொட்டாஷ், அதில் 10 கிலோ விதை, 16 மணி நேரம். பிறகு நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்திவிட வேண்டும், முளைகட்டக் கூடாது. விதைக்குள் முளைக்கும் வேலை பாதி தொடங்கி நின்றுவிடும். அதனால் மழை விழுந்ததும் சட்டென்று ஒரே சீராக எழும், நடுவில் மழை ஏமாற்றினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நிலத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் வராது. தூர் கட்டிய பிறகு வறட்சி வந்தால், பி.பி.எஃப்.எம். என்று விற்கும் திரவ நுண்ணுயிரை 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். பூச்சி மருந்தோடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி: சென்னையில் மாடித்தோட்டம். வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். பீன்ஸ் இலை ஓரம் எல்லாம் காய்கிறது. தென்னை நார்க் கழிவில்தான் வளர்க்கிறேன்.

மிச்சப்படுத்தும் மனசு நல்லது, ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று லிட்டர் போய் ஒரு லிட்டர் குடிநீர் வந்தால், மூன்று லிட்டரின் உப்பும் மீதி இரண்டு லிட்டரில் உட்கார்ந்திருக்கிறது, அதாவது உங்கள் போர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு உப்பு. பீன்ஸ் காய்கறிகளிலேயே உப்பை மிகவும் பொறுக்காத சாதி. அந்தத் தண்ணீரை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கே ஊற்றியாக வேண்டுமென்றால் மழைநீரோடு சரிபாதி கலந்து பீட்ரூட்டுக்கும் பருப்புக்கீரைக்கும் ஊற்றலாம். எந்தத் தண்ணீரானாலும் தொட்டியின் அடித்துளையில் கொஞ்சம் வெளியேறும்வரை ஊற்றுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டிருந்தால் உப்பு தொட்டியிலேயே சேரும். தென்னை நார்க் கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் பயன்படுத்தக் கூடாது, உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கும்.

கேள்வி: உப்புக் கிணற்றுத் தண்ணீரில் மிளகாய். பாரின், அதாவது வாய்க்கால்களுக்கு நடுவே உயர்த்திய மண்வரிசையின், உச்சியில் நட்டேன், பாதி போய்விட்டது. பக்கத்து வயலில் அதே தண்ணீர், நன்றாக நிற்கிறது.

பக்கத்து வயல்காரர் எங்கே நட்டிருக்கிறார் என்று குனிந்து பாருங்கள். வாய்க்காலில் பாயும் தண்ணீர் பாருக்குள் இரண்டு பக்கமும் ஊறி மேலே ஏறும், ஏறிய இடத்தில் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால் பாரின் உச்சிதான் வயலிலேயே அதிக உப்பான இடம், நாலு தண்ணீர் பாய்ந்ததும் அங்கே வெள்ளைப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். உச்சியை விட்டுவிட்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாரின் சரிவில் நடுங்கள். பாரின் மேல் வைக்கோலோ சருகோ மூடாக்குப் போடுங்கள். போன நாற்றுகளுக்குப் பதிலாகப் புது நாற்றுகளை இப்போதே சரிவில் நட்டுவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது.